நிறுத்தியவை ஏழு

அந்த ஜன்னல் கண்ணாடியைச் சித்த மூடறீங்களா... இல்லீங்க, வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மூடினா வேகுது, தொறந்தா இந்தப் பேப்பர் பறக்குது. நீங்க எதுவரைக்குங்க? ஒட்டன்சத்திரமா. நான் தாராபுரத்துல எறங்கிருவேன். கால் கையை ஆட்டிக்கிட்டே இருக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, ஒரு எடத்துல உக்காந்து பழக்கமில்லை எனக்கு.

பஸ்ஸுல வந்து நாலஞ்சு வருசமாச்சுங்க. கம்பெனி கார் இருக்குது, டிரைவரோட. ஆனா அந்த டிரைவர்கிட்டத் தாராபுரம்னு சொன்னாப் போதும், யாரைப் பாக்கறதுக்குங்க சார்ம்பான். ஜெசிந்தாவைப் பாக்கன்னு சொன்னேன்னு வைங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கேன்டீன் பூராத் தெரிஞ்சுபோகும். அதான் சத்தமில்லாம சிங்காநல்லூர் வந்து ஏறிட்டேன்.

என்னங்க சிரிக்கறீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு அம்பத்தஞ்சு வயசு, பேத்தி இருக்கறா. ஒரு கையெழுத்து வாங்கப் போறேன், அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தம்மா கையெழுத்தோட இந்த லெட்டர் பெங்களூரு போய்ச் சேரலைன்னா எங்க கம்பெனிப் புள்ளி கீழ எறங்கிரும். புள்ளி எறங்குனா அப்புறம் நான் எறங்கணும். மொதலாளி வாயால சொல்லலை. ஆனா மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது.

புள்ளின்னா என்னன்னு தெரியலையா? உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே மூணு வருசம் முன்னாடி தெரியாது. நல்லாத் தூங்கிட்டிருந்தேன்.

எம்பேரு சென்னியப்பன். பம்ப் செட் கம்பெனியில ஆபரேசன்ஸ் ஜெனரல் மேனேஜர். கம்பெனி பேரு வேண்டாங்க, நீல பெயிண்ட் அடிச்ச மோட்டாரைக் கெணத்து மேட்டுல பாத்திருப்பீங்க, அது நாங்கதான். இருவத்தாறு வருசமா இருக்கறேன். பெரியவர் காலத்துல சேந்தது. இப்ப அவரு பையன் பாக்கறாரு, சின்னவர்ம்போம். வெளிநாட்டுல படிச்சவரு, தங்கமான ஆளு, என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாரு. கோவம் வந்தா இன்னும் மரியாதையா அண்ணாம்பாரு. அதுதான் பயம்.

இப்ப இந்த ஏஐ, செயற்கை அறிவுங்கறாங்களே, அதை எந்தக் கம்பெனி நல்லாப் பயன்படுத்துது, எது சும்மா பேருக்கு வெச்சிருக்குதுன்னு தரம் பிரிச்சுச் சொல்ல பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக் கம்பெனி இருக்குதுங்க. வருசா வருசம் ஒரு பாரம் அனுப்புவாங்க. அறுவத்திரண்டு கேள்வி. நாம எழுதி அனுப்புனா, நம்மளை நாலு கட்டத்துல ஒரு கட்டத்துல ஒரு புள்ளியா வெச்சிருவாங்க. கீழ்க் கட்டம் வேடிக்கை பாக்கறவங்க. அடுத்தது முயற்சி பண்றவங்க. அதுக்கு மேல வளக்கறவங்க. எல்லாத்துக்கும் மேல, வலது பக்க மூலையில, பயனியர்ம்பாங்க, முன்னோடி. பேங்க்காரன் அதைப் பாக்கறான், வெளிநாட்டு ஆர்டர் குடுக்கறவன் அதைப் பாக்கறான், சின்னவரோட மாமனாரும் அதைப் பாக்கறாரு. அப்ப நாங்களும் பாக்கணுமில்லீங்களா?

மொத வருசம் பாரத்தை நான்தான் எழுதினேன். மனசறிஞ்சு ஒரு பொய் எழுதலை. எங்க குலதெய்வத்து மேல சத்தியமா. அதுல முப்பத்தேழாவது கேள்வி: கடந்த பன்னெண்டு மாசத்துல நீங்க ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்துன ஏஐ முயற்சிகள் எத்தனை? நான் சந்தோசமாப் பூஜ்யம்னு போட்டேன். நீங்க என்ன போடுவீங்க? பாதியில நிறுத்தறது தோல்விதானே? நம்ம கம்பெனியில தோல்வியே இல்லைன்னுதானே யாரும் எழுதுவாங்க?

கொடிசியா ஹால்ல முடிவு அறிவிக்கற விழா. பெரிய திரையில நாலு கட்டம், நூத்தி இருவத்தாறு புள்ளி. சின்னவர் புதுக் கோட்டு போட்டுட்டு மொத வரிசையில உக்காந்திருக்கறாரு. எங்களுக்குப் போட்டிக் கம்பெனி ஒண்ணு கணபதி ஏரியாவுல இருக்குது, அவிய புள்ளி மேல் மூலையில ஜம்முனு இருக்குது. எங்க புள்ளியைத் தேடறோம், தேடறோம், காணோம். கடைசியில பாத்தா வேடிக்கை பாக்கறவங்க கட்டத்துல, அடி மூலையில. ஒரு பக்கம் முறுக்குக் கம்பெனி, இன்னொரு பக்கம் ஒரு நூல் மில்லு. அந்த மில்லு மூடியே ஒரு வருசமாச்சுங்க!

சின்னவர் திரும்பினாரு. "சென்னியப்பண்ணா, மூடின மில்லோடவாங்ணா?"ன்னாரு. அவ்வளவுதான்.

அடுத்த நாளே பெங்களூருக்குப் போன் போட்டேன். பிரதீபான்னு ஒரு பொண்ணு, வேலூர்க்காரி, நல்லாப் பொறுமையாப் பேசுச்சு. "சார், நல்லா வர்ற கம்பெனிங்க பத்து ஆரம்பிச்சா ஏழை நிறுத்திடறாங்க. எது வேலைக்காகுது, எது ஆகலைன்னு அளந்து பாத்துத்தான் நிறுத்தறாங்க. நீங்க பூஜ்யம் போட்டா, ஒண்ணு எதையும் முயற்சி பண்ணலை, இல்லைன்னா எதையும் அளக்கலைன்னு அர்த்தம்"னுச்சு. இன்னும் நெறையச் சொல்லுச்சுங்க, அளக்கறது எப்படி, யாரைக் கேட்டு அளக்கறதுன்னு அரை மணி நேரம். நான் எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டேன். கேட்டுட்டு டைரியில எழுதி அடிக்கோடு போட்டேன்: ஏழு.

சூலூர் வந்துருச்சுங்களா? மெதுவாப் போறானே. ஒரு சைக்கிள்காரனைத் தாண்ட இவ்வளவு யோசிக்கறான்.

அப்புறமென்ன, ரெண்டாவது வருசம் ஏழு நிறுத்தணும். நிறுத்தணும்னா மொதல்ல ஆரம்பிக்கணுமில்லீங்களா? ஆரம்பிச்சேன். கேன்டீன்ல எத்தனை பேரு சாப்பிடுவாங்கன்னு சொல்றதுக்கு ஒண்ணு. அது அமாவாசையன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு பேருன்னு சொல்லிப்போடுச்சு. அமாவாசைக்குப் பாதிப் பேரு விரதம்னு அதுக்கு யாரு சொல்றது? நாலு அண்டா சோறு வீணு. கேட்ல மூஞ்சியைப் பாத்து வருகைப் பதிவு பண்ண ஒண்ணு. காலையில எல்லாரையும் அடையாளம் கண்டுபிடிக்கும். சாயங்காலம் வார்ப்புச் சாலையில இருந்து கரி மூஞ்சியோட வர்றவனை யாருன்னே தெரியாதுங்கும். முன்னூறு பேரு உள்ள வந்தாங்க, நூத்தியெம்பது பேருதான் வெளிய போனாங்கன்னு கணக்குக் காட்டுச்சு. டீலருக்குக் கடுதாசி எழுத ஒண்ணு. பொள்ளாச்சி டீலருக்கு அப்பா தவறிப்போயிட்டாருன்னு அனுதாபக் கடுதாசி எழுதச் சொன்னா, கடைசியில தீபாவளிச் சலுகையும் சேத்துப் போட்டுருச்சு. பெயிண்ட் சரியா இருக்குதான்னு பாக்க ஒரு கேமரா. ஈ உக்காந்தாக் குறைன்னு தள்ளும். இன்னும் ரெண்டு இருந்துச்சுங்க, என்னன்னு எனக்கே மறந்துபோச்சு. பேப்பர்ல இருக்குது.

ஒவ்வொண்ணும் முறையாத்தான் பண்ணினோம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, தேங்காய் ஒடைச்சு ஆரம்பிப்போம். மூணாவது வாரம் நிறுத்துவோம். நிறுத்துனதுக்கு ஒரு முடிவறிக்கை, நாலு கையெழுத்து. சின்னவருக்குத் தெரியுமான்னா கேக்கறீங்க? தேங்காய் ஒடைச்சதே அவருதானுங்களே.

ஆறு ஆச்சு. ஏழாவதுக்கு மழை வர்றதைச் சொல்ல ஒண்ணு பேசி வெச்சிருந்தேன். மழை வந்தா மோட்டார் விக்காதில்லீங்களா, அதுக்கு. அதைச் செஞ்சு தர்றேன்னு சொன்ன மெட்ராஸ்காரன் இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு சொல்லிக் கடைசியில கையை விரிச்சுட்டான். பெங்களூர்ல இருந்து நேர்ல சரிபாக்க நாலு நாள்ல ஆளு வருது. பாரத்துல ஏழுன்னு எழுதி அனுப்பிச்சாச்சு. கையில இருக்கறது ஆறு. நான் என்னங்க பண்ணட்டும்?

அப்பத்தான் ஜெசிந்தாவோடது நெனப்புக்கு வந்துச்சு.

அந்தம்மா சர்வீஸ் செக்சன்ல பதினோரு வருசமாப் போன் எடுத்தவங்க. விவசாயி கூப்பிடுவான், "அம்மிணி, மோட்டாரு கொறகொறங்குது"ம்பான். இன்னொருத்தன் "உறுமுது, தண்ணி தூக்கலை"ம்பான். "சுண்டுது, நிக்குது, மறுபடி சுண்டுது"ம்பான். அந்தம்மா அதையெல்லாம் ஒரு நீள நோட்டுல எழுதி வெப்பாங்க. அவன் என்ன சொன்னான், எந்த ஊரு, எத்தனை அடி ஆழம், அப்புறம் மெக்கானிக் போய்ப் பாத்தப்ப உண்மையில என்ன கோளாறு. பதினோரு வருசம், பத்தொம்பது நோட்டு. யாரும் எழுதச் சொல்லலைங்க. எழுதினாங்க.

ஒரு நாள் அதையெல்லாம் தன்னோட சொந்த லேப்டாப்புல ஏத்தி, இந்த ஏஐ வெச்சு ஒண்ணு பண்ணிட்டாங்க. யாரையும் கேக்கலை, யாருகிட்டயும் சொல்லலை. மெக்கானிக் கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டு, மோட்டார்ச் சத்தத்தைப் போன்ல பதிஞ்சு அனுப்புனான்னு வைங்க, ரெண்டு நிமிசத்துல பதில் வரும். மொதல்ல இதைப் பாரு, இல்லைன்னா அதைப் பாருன்னு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பதிலையும் அந்தம்மா ஒரு தடவை தானே கேட்டுப் பாத்துத்தான் அனுப்புவாங்க. பத்துக்கு எட்டு சரியா இருக்கும். வெள்ளகோவில் மெக்கானிக் ஒருத்தன் எங்கிட்டயே சொல்லியிருக்கறான், "சார், ஜெசிந்தாக்கா சொன்னா மோட்டாரைப் பிரிக்காமயே தெரியுது சார்"னு.

மொத வருசப் பாரத்துல அதை ஏன் எழுதலைன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க. எழுதணும்னே தோணலைங்க. அந்தம்மா நோட்டு வெச்சுப் பண்ற வேலை, அதைப் போயி ஏஐன்னு எப்படி எழுதறது? கம்பெனி வாங்கலை, யாரும் வந்து மாட்டிக் குடுக்கலை, தேங்காய் ஒடைக்கலை.

ஆகஸ்ட் பதினொண்ணு. காலையில பத்து மணி. ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"ஜெசிந்தாம்மா, உங்க அந்த ஏற்பாட்டை நிறுத்திட்டோம்னு எழுதப் போறேன்"ன்னேன்.

"எதுக்குங்க சார்?"

"பேப்பர்லதாம்மா."

"பேப்பர்லன்னா ஓடட்டுங்களா?"

"ஓடக்கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பாப்பாங்க."

"பாக்கட்டும் சார். நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடறதுதாம்மா இப்ப பிரச்சனையே"ன்னேன்.

அந்தம்மாவுக்குப் புரியலை. எனக்கும் அதை எப்படிப் புரிய வெக்கறதுன்னு தெரியலை. "ஒரு மாசம்மா. அவிய வந்து பாத்துட்டுப் போகட்டும், திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்"ன்னேன். அப்படித்தான் நெனைச்சேன், நெசமாவே. அப்பறம் கேட்டாங்க, "அப்ப இன்னைக்குக் கூப்பிடற மெக்கானிக்குக்கு என்னங்க சார் சொல்லட்டும்?"னு. கம்பெனிப் புது நம்பர் வந்திருக்குதும்மா, தமிழுக்கு ஒண்ணை அழுத்தவும், மோட்டாருக்கு மூணை அழுத்தவும், அதுல பதிஞ்சுக்கட்டும்ன்னேன்.

முடிவறிக்கையை நீட்டினேன். காரணம்ங்கற எடத்துல நான் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தேன்: எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தம்மா அதைப் படிச்சாங்க. இன்னொருக்காப் படிச்சாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க.

இது பல்லடமுங்களா? டீ குடிக்க எறங்கறீங்களா? வேண்டாம், உக்காருங்க, எடம் போயிரும்.

என்ன ஆச்சுன்னா, பயனியர் ஆயிட்டோம்! கீழ் மூலையில இருந்த புள்ளி நேரா மேல் மூலைக்கு. ஒரே வருசத்துல ரெண்டு கட்டம் தாண்டின கம்பெனி அந்த லிஸ்ட்டுலயே நாங்க ஒருத்தர்தானுங்க. அறிக்கையில எங்களைப் பத்தி அரைப் பக்கம். 'வேலை செய்வதுபோலத் தோன்றுவதைக்கூட நிறுத்தும் துணிச்சல்'னு தலைப்பு. எதைச் சொல்றாங்க? ஏழாவதைத்தான். அப்படி அச்சுல வந்ததுக்கப்புறம் எப்படிங்க திரும்ப ஆரம்பிக்கறது? அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. மூணாவது தடவை கேக்கறதுக்குள்ள டெஸ்பாட்ச்சுக்கு மாத்திட்டேன், அட்டைப்பெட்டி சரிபாக்கற வேலை. தண்டனையில்லீங்க, அங்க ஆள் பத்தலை. இருவது நாள்ல ராஜினாமா குடுத்துட்டாங்க. பிரிவு உபசாரத்துக்கு நான் போக முடியலை. அன்னைக்குத்தான் பெங்களூர்ல எங்களுக்குக் கண்ணாடிக் கேடயம் குடுத்தாங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அதை நிறுத்துனதுல தப்பு ஒண்ணும் நடந்துறலை. ஒரு விவசாயி அழுதானா, ஒரு மெக்கானிக் சண்டைக்கு வந்தானா? இல்லை. நிறுத்துன மாசத்துல இருந்து கம்பெனிக்கு வர்ற புகாரே முப்பத்தெட்டு சதவீதம் கொறைஞ்சுபோச்சு. முப்பத்தெட்டு! அதையும் அறிக்கையில போட்டாங்க. சின்னவர் அந்த எண்ணை விளம்பரத்துல போட்டாரு. அப்ப நான் பண்ணினது சரிதானுங்களே? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க.

இந்த வருசம்தான் கெரகம் புடிச்சுது. ஏப்ரல்ல பாரம் வருது, முப்பத்தேழாவது கேள்வியையே காணோம். பிரதீபாவைக் கூப்பிட்டா அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிருச்சு. புதுசா ஒருத்தர் பேசறாரு. "சார், போன வருசம் நூத்தி இருவத்தாறு கம்பெனியில எம்பத்தொம்பது கம்பெனி சரியா ஏழுன்னு எழுதியிருக்குது சார். அதனால அந்தக் கேள்வியை எடுத்துட்டோம்"ங்கறாரு. பாருங்க, என்ன அநியாயம். எம்பத்தொம்பது பேரு பொய் எழுதினா நாங்க என்ன பண்றது?

அதுக்குப் பதிலாப் புதுக் கேள்வி. உங்க தொழிலாளி ஒருத்தர் தானா ஆரம்பிச்சு, ரெண்டு வருசமாத் தடையில்லாம ஓடிட்டிருக்கற முயற்சி ஒண்ணாவது இருக்குதா? இருந்தா, ஆரம்பிச்சவர் கையெழுத்தோட கடிதம் வேணும். அது இல்லைன்னா பயனியர் கட்டத்துல எடமில்லை.

நான் படிச்சேன். கதவைச் சாத்திட்டு இன்னொருக்காப் படிச்சேன். அறுநூத்தம்பது பேரு வேலை செய்யற கம்பெனியில அப்படி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதை எங்கையாலயே மூடினேன்.

இதான் லெட்டர். படிங்க, பரவால்ல. 'நான் ஆரம்பித்த முயற்சி இன்று வரை எந்தத் தடையுமின்றி நடந்து வருகிறது.' ஒரே வரி. போன வருசம் நிறுத்திட்டோம்னு எழுதினீங்களேன்னு கேப்பாங்களான்னா? கேக்கமாட்டாங்க. வருசா வருசம் ஆளு மாறுது, பழைய பாரத்தை யாரு எடுத்துப் பாக்கறா? சின்னவர் மட்டும் காலையில இருந்து ஆறு மெசேஜ் போட்டுட்டாரு. 'கையெழுத்து?' 'கையெழுத்து?' கடைசியா, 'அண்ணா?'

பொய்ங்கறீங்களா? நான் வேலைக்குத் திரும்ப வாங்கன்னும் சொல்லுவேனுங்க. மொதல்ல கையெழுத்து, அப்புறம் அதைப் பேசிக்கலாம்னு இருக்கறேன்.

போன் பண்ணிட்டுப் போலாமில்லன்னு சொல்றீங்க. சரிதான். நேர்ல போய் நின்னா முடியாதுன்னு சொல்லமாட்டாங்கன்னு பாத்தேன். பத்து மாசமாப் பேசலை. நல்லா இருக்கறீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை. எப்படிங்க திடீர்னு... சரி. நீங்க சொல்றீங்களேன்னு பண்றேன்.

பிஸிங்க.

இன்னொருக்கா. பிஸி. யாருகிட்ட இவ்வளவு நேரம் பேசறாங்க? அக்கா வீட்டுப் பக்கத்துல குடியிருக்கறாங்க, டெய்லரிங் கடைன்னுதான் டெஸ்பாட்ச்சுல சொன்னாங்க. ஜாக்கெட்டுக்கு அளவு போன்லயா சொல்லுவாங்க?

மறுபடியும் பிஸி. பொங்கலூரும் தாண்டியாச்சு.

இருங்க இருங்க, அவங்களே கூப்பிடறாங்க. ...ஹலோ. ஜெசிந்தாம்மாங்களா? நான் சென்னியப்பன். ...ஆமாமா, கம்பெனி சென்னியப்பன்தான். நல்லா இருக்கறேன். நீங்க... மூணு தடவை கூப்பிட்டேன், லைன் கெடைக்கலை. ...அப்படியா. ...இல்லம்மா, நான் பஸ்ஸுல வந்துட்டிருக்கறேன், உங்களைப் பாக்கத்தான். ஒரு சின்னக் கையெழுத்தும்மா. உங்க அந்த ஏற்பாடு நிக்காம நடந்துட்டிருக்குதுன்னு ஒரு லெட்டர்... சும்மா பேப்பருக்குத்தாம்மா... ...என்னம்மா? ...இன்னொருக்காச் சொல்லுங்க, காத்துல கேக்கலை. ...எத்தனை பேரு? ...தெனமுங்களா? ...ம். ...ம். ...சரிம்மா. ...சரி. ...எந்தத் தேதி? ...ஓ. ...இல்லம்மா, சாப்பாடெல்லாம் வேண்டாம். ...சரி, வெக்கறேன்.

அந்த லெட்டரை இங்க குடுங்க.

இல்லீங்க, தண்ணி இருக்குது. குடிச்சுட்டேன்.

கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க. "அது நெசந்தானுங்களே சார், நிக்கவே இல்லையே"ங்கறாங்க. எனக்குக் காதுல சரியா விழுகலைன்னு நெனைச்சேன். நிக்கலையாமுங்க. மெக்கானிக்கெல்லாம் அவங்க நம்பரை எங்கிருந்தோ வாங்கி, அவங்களுக்கே கூப்பிடறாங்களாம். மூணை அழுத்து நாலை அழுத்துன்னு எந்த மெக்கானிக்குங்க கெணத்து மேட்டுல நின்னுட்டு அழுத்துவான்? லேப்டாப்பு அவங்களோடது, நோட்டும் அவங்க எழுதினது. தையல் மிசினுக்குப் பக்கத்துலயே வெச்சுட்டு, ஒரு நாளைக்கு இருவது, இருவத்தஞ்சு பேருக்குப் பதில் சொல்றாங்களாம். இப்பக் கூட வெள்ளகோவில் பக்கம் ஒரு ஊருல குடிதண்ணி மோட்டாரு நின்னுபோச்சாம், அதுக்குத்தான் பேசிட்டிருந்தாங்களாம். பிஸி.

ஏம்மா இப்படிப் பண்றீங்கன்னு நான் கேக்கவே இல்லை. அவங்களாச் சொன்னாங்க, "கூப்பிடறவன் தண்ணியில்லாமத்தானே சார் கூப்பிடறான்"னு.

உங்களுக்கு ஒண்ணு புரியுதுங்களா? எனக்கு இப்பத்தான் புரியுது. அந்த முப்பத்தெட்டு சதவீதம். கம்பெனிக்குப் புகார் கொறைஞ்சுதுன்னு விளம்பரம் போட்டமே, அது எங்கீங்க கொறைஞ்சுது? தாராபுரத்துக்குப் போயிருக்குது. ஒரு டெய்லரிங் கடைக்கு. நாங்க அதை எடுத்து மேடையில வெச்சுக் கேடயம் வாங்கிட்டு வந்திருக்கறோம். வெக்கமா இருக்குதுங்க. நெசமாவே வெக்கமா இருக்குது, உங்க மூஞ்சியைப் பாத்துப் பேச முடியலை.

இந்த லெட்டரைப் பாருங்க. பொய்யின்னு நெனைச்சுத்தான் டைப் பண்ணினேன். இது உண்மை. போன வருசம் முடிவறிக்கையில எழுதினதுதான் பொய். ரெண்டையும் எழுதினது நான்தான்.

சின்னவரு கூப்பிடறாரு. அடிக்கட்டும். ஒரு நிமிசம் அடிக்கட்டும்.

கையெழுத்துப் போடறேன்னு சொன்னாங்களே, அதுக்கு ஒண்ணு சொன்னாங்க. "ரெண்டு தேதி எழுதித்தான் சார் போடுவேன். நீங்க நிறுத்தச் சொன்ன தேதி, நான் திரும்ப எடுத்த தேதி. அந்த ரெண்டும் இல்லாம எங்கையெழுத்து வேண்டாம்"னாங்க. நிறுத்தச் சொன்ன தேதி எனக்கு மனப்பாடம், ஆகஸ்ட் பதினொண்ணு. திரும்ப எடுத்தது எப்பம்மான்னு கேட்டேன். ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சிருக்கும், ராஜினாமா பண்ணினதுக்கப்புறம் இருக்கும்னுதான் நெனைச்சேன்.

"அதே நாள்தான் சார், சாயங்காலம். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற பஸ்ஸுலயே ஒருத்தரு கூப்பிட்டாரு"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் நான் ரூம்ல உக்காந்து 'எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை'ன்னு எழுதின முடிவறிக்கைக்கு நகல் எடுத்துட்டிருந்தேன்.

அது குண்டடமுங்களா? அப்ப இன்னும் அரை மணி நேரந்தான். இந்த லெட்டர்ல தேதி எழுத எடமே விடலைங்க நான். புதுசாத்தான் எழுதணும். வெள்ளைப் பேப்பர் இருக்குது, பேனா இருக்குதுங்களா உங்ககிட்ட? குடுங்க. அந்தம்மா கையால எழுத வெக்கறது மொறையில்லை, நானே எழுதறேன். நிறுத்துனது நான், காரணம் இது, ஓட்டினது அவங்க, புகார் கொறைஞ்சது இதனாலன்னு எல்லாம் எழுதறேன். பெங்களூருக்கு ஒண்ணு, சின்னவருக்கு ஒண்ணு. முன்னோடியும் போகட்டும், நாற்காலியும் போகட்டும். அம்பத்தஞ்சு வயசாச்சு, இனி என்ன.

சித்த அந்தப் பையை மடியில வைங்க, மேல வெச்சு எழுதிக்கறேன். பஸ்ஸு குலுக்குது பாருங்க. எழுத்துக் கோணலாப் போனாலும் பரவால்ல, படிக்கற மாதிரி இருந்தாச் சரி.

ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கறீங்க. இப்படி உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுக்கற கம்பெனிக்குன்னு அவிய தனியா ஒரு கட்டம் வெச்சிருப்பாங்களா?